கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோன உற்சாகம்

என் தம்பி ஜெபசிங்கை உற்சாகப்படுத்திவிட்டு வரும்படி எங்கள் சபை என்னை அனுப்பிவைத்தது. பெண்கள் சங்கச் செயலாளர் என்ற முறையில் உற்சாகப்படுத்துவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கணவனிடம் அடிபட்டவள், பத்தாம் வகுப்பில் தோற்றவன், முதுகுவலிக்காரர் என்று நான் யாரையும் விட்டுவைத்ததில்லை. அவர்களில் சிலர் இப்போது என்னைத் தூரத்தில் கண்டாலே வேறு சந்தில் திரும்பிவிடுகிறார்கள். ஏற்கெனவே கிடைத்த உற்சாகம் இன்னும் தீரவில்லை போலும் என்று நானும் விட்டுவிடுவேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, தேரிக்காட்டுச் செம்மணலின் ஓரத்தில் இருக்கிறது. எங்களுக்குச் சென்னையே வெளிநாடு. அதற்கும் வடக்கே, ஆந்திராவின் வாசற்படியில் கிடக்கிற கும்மிடிப்பூண்டி என்றால் கப்பலேறிப் போவதற்குச் சமம். பாஸ்போர்ட் வேண்டுமா என்று சங்கத்தில் ஒருத்தி நிஜமாகவே கேட்டாள்.

தம்பி அங்கே இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்டு சூப்பர்வைசர். மனைவி மெர்சியும் மகள் ஷைனியும் இருப்பது திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவன், மூன்று வாரமாக வீட்டுக்கு வரவில்லை. அவன் ஷிப்டில் ஒரு தொழிலாளியின் கை உருளையில் மாட்டி இரண்டு விரல்கள் போய்விட்டன. அதற்கு இரண்டொரு நாள் கழித்துக் கும்மிடிப்பூண்டியிலேயே யாருடைய அறையிலோ தங்கிக்கொண்டான். வீடு இல்லை, கோயில் இல்லை, போன் செய்தால் எடுப்பதில்லை.

இதெல்லாம் எங்கள் ஊருக்கு எப்படித் தெரிந்தது என்றால், மெர்சி தன் சபையில் ஒரே ஒரு தோழியிடம் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஆட்களிடம் ரகசியம் சொன்னால் ஊரெல்லாம் சொல்லித் திரிய மாட்டார்கள். ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று ஊரெல்லாம் கேட்டுக்கொள்வார்கள். இரண்டே நாளில் என் தம்பியின் கஷ்டம் ஜெபக் குறிப்பாகி, மதுரை, நெல்லை வழியாக எங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தது. வருகிற வழியில் போன விரல்கள் நாலாகியிருந்தன.

என் பையில் இருந்தவை: கழுகு பறக்கிற படத்தோடு வசனம் அச்சடித்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று, சுவரில் மாட்ட. ஜெபித்த எண்ணெய் ஒரு குப்பி. எங்கள் சபைப் போதகர் ஐயரவர்கள் போனில் பதிந்து தந்த ஆறுதல் செய்தி, அரை மணி நேரத்துக்குக் குறையாது. இவையெல்லாம் சபை தந்தவை. மஸ்கோத் அல்வாவும் முந்திரிக்கொத்தும் நான் வாங்கியவை.

சென்னையில் இறங்கி, அரக்கோணம் போகிற மின்சார ரயிலில் ஏறினேன். எங்கள் பக்கத்து ரயிலில் மனிதர்கள் தூங்குவார்கள். இங்கே குடும்பமே நடத்துகிறார்கள். ஒருத்தி பீன்ஸ் நறுக்கினாள், ஒருத்தி பூ கட்டினாள். எதிர் சீட்டில் இருவர் ஒரு மாமியாரை அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரை நார்நாராகக் கிழித்தார்கள். நான் தம்பியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தேன். உண்மையாகவே உருகித்தான் ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது வண்டி கடம்பத்தூரில் நின்றது. திருவள்ளூர் பின்னால் போய்விட்டிருந்தது.

பிளாட்பாரத்தில் கீரை விற்ற அம்மாவிடம் விசாரித்தேன்.

“திருவள்ளூரா? அது அப்பவே போச்சேம்மா. தூங்கிக்கினு வந்துட்டியா?”

“தூங்கலம்மா. ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பண்ணு, வேணான்னு சொல்லல. ஸ்டேஷன் வர்சொல்ல மட்டும் கண்ணத் தொறந்துக்கோ. எதிர்ப்பக்கம் போய் நில்லு, வண்டி வரும்.”

எனக்கு வந்த கோபத்தில் கீரைகூட வாங்கவில்லை.

மணவாள நகர் வீட்டில் மெர்சி சாம்பார் வைத்திருந்தாள். அதில் ஒரு சில்லுத் தேங்காய் இல்லை. எங்கள் ஊரில் தேங்காய் அரைக்காமல் குழம்பு வைத்தால் மரத்துக்கு நோயா என்று விசாரிக்க ஆள் வரும். நான் ஒன்றும் சொல்லவில்லை, உற்சாகப்படுத்த வந்தவள் அல்லவா? மெர்சி அரக்கோணத்து ரயில்வேக்காரர் மகள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். அழுகையைக்கூட மணியடித்ததும் நிறுத்திவிடுகிறவள். அன்று நிறுத்த முடியாமல் அழுதாள்.

“சாட்சி சொன்னதுதான் அண்ணி வெனையாப் போச்சு” என்றாள்.

எங்களுக்குள் சாட்சி என்றால், கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சபை நடுவில் எழுந்து நின்று சொல்வது. சென்ற புதுவருஷ ஆராதனையில் என் தம்பி எழுந்தான். தினமும் வேலை தொடங்குமுன் தன் ஷிப்டு ஆட்கள் எல்லாரையும் நிறுத்திவைத்து ஜெபிப்பதாகவும், அன்றிலிருந்து தன் ஷிப்டில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை என்றும் சொன்னான். சபை கைதட்டியது. யாரோ படம்பிடித்து அனுப்பி, எங்கள் ஊர் வரைக்கும் அது வந்தது. நானும்தான் பத்துப் பேருக்கு அனுப்பினேன். ஆட்கள் எல்லாரும் இந்துக்கள்தான். ஆனாலும் நின்றார்கள், ஏனென்றால் ஜெபம் முடிந்ததும் தம்பி தன் செலவில் பன்னும் டீயும் தருவான்.

பிறகு விரல்கள் போயின. சபையார் வந்து ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், சாட்சி பொறுக்காமல் பிசாசு செய்த வேலை என்றார். ஒரு அம்மா, அறிக்கையிடாத பாவம் ஏதாவது உண்டா என்று மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகக் கேட்டாள். பாஸ்டரோ, இது பதவி உயர்வுக்கு முன் வருகிற சோதனை என்று சொல்லிவிட்டு இரண்டு முறை காப்பி குடித்தார்.

“சனிக்கெழம கம்பெனில விசாரண. ஏழுமலையே கூண்டக் கழட்டிட்டு கைய விட்டுட்டான்னு இவர் சொன்னா போதுமாம். வேல இருக்கும். ‘சொல்லிட்டு வாங்களேன்’னு நான் சொன்னதுக்குத்தான் சண்ட. அப்பால இந்தப் பக்கம் வரவே இல்ல” என்றாள் மெர்சி.

ஏழுமலை என்பதுதான் கை போன தொழிலாளி. கூண்டு என்பது உருளைக்கு முன்னால் மாட்டுகிற கம்பித் தடுப்பு.

“அவனே கழட்டுனதுதான?” என்று கேட்டேன். மெர்சி எழுந்து மோர் எடுக்கப் போய்விட்டாள்.

ஷைனிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை திடப்படுத்தல். பேராயர் வந்து பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஜெபித்து, முதல் முறையாக அப்பமும் திராட்சரசமும் தருகிற ராப்போஜனத்தில் சேர்க்கிற ஆராதனை. எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான். நான் கழுகுத் தட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன்.

“அத்த, எனக்கு கழுகெல்லாம் வேணாம். அப்பா வந்தா முட்டி போடுவேன். இல்லன்னா பிஷப்பே வந்தாலும் எழுந்துக்கினு வந்துடுவேன்.”

“பிஷப்தாண்டி வராரு” என்றாள் மெர்சி உள்ளேயிருந்து.

மறுநாள் காலையில் பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். அந்த ஊர் அம்மன் கோயிலுக்கு ஆடி மாதம் விசேஷம் என்பதை மறந்துவிட்டேன். பஸ் முழுக்க மஞ்சள் சேலை, வேப்பிலை, குழந்தைகள், சாக்கில் கட்டிய ஒரு சேவல். சேவல் மட்டும் டிக்கெட் எடுக்கவில்லை, ஆனால் சீட்டு அதற்குத்தான் கிடைத்தது. ஊர் நெருங்க நெருங்க பஸ் நடக்கத் தொடங்கி, பிறகு உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மஞ்சள் சேலை அம்மா என்னை விசாரித்தாள்.

“நீ கோயிலுக்கு வர்ல? அப்பால எங்க போற?”

“கும்மிடிப்பூண்டிக்கு. தம்பிக்கு மனசு சரியில்ல.”

“எம் மவன் கால் ஒடஞ்சி படுத்துக்கினு இருந்தான். எழுந்து நடந்தான்னா வேப்பஞ்சேல கட்டி வலம் வர்றேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கினேன். நடந்துட்டான். இப்ப கட்டப் போறேன். உன் தம்பிக்கும் வேண்டிக்கோ.”

“நாங்க சாமிகிட்ட பேரம்லாம் பேசுறதில்லம்மா” என்றேன், எங்கள் மார்க்கத்தை விட்டுக்கொடுக்காமல்.

“நல்லதா போச்சு” என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத்தான் உறுத்தியது. தினமும் ஜெபம் என்னுடையது, ரத்தம் சிந்தாமல் பார்த்துக்கொள்வது உன்னுடையது என்று என் தம்பி மைக் பிடித்துச் சொன்னதற்கு நாங்கள் பேரம் என்று பெயர் வைக்கவில்லை, சாட்சி என்று வைத்திருந்தோம். அந்த அம்மாவாவது பிள்ளை நடந்த பிறகுதான் சேலை கட்டுகிறாள்.

வெயில் ஏறியது. பஸ் அசையவில்லை. சாலையோரப் பந்தலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் சேலை அம்மா இறங்கிப் போய் எனக்கும் சேர்த்து இரண்டு சொம்பு வாங்கிவந்தாள், கூடவே முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாடும். அம்மனுக்குப் படைத்ததா, படைக்காததா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் சாப்பிட்டால் குற்றமில்லை என்று வேதத்திலேயே ஒரு வழி இருக்கிறது. சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு வேதம் நன்றாகத் தெரியும். இரண்டாவது சொம்பும் குடித்தேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காற்றே துருப்பிடித்த ருசியாக இருந்தது. எங்கள் தேரியிலும் சிவப்புப் புழுதி உண்டு, ஆனால் அது தட்டினால் போய்விடும். தம்பியின் அறை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கூட இருந்த ஒடிசாப் பையன்கள் இரவு ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவன், தாடியும் கைலியுமாக, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். “எக்கா” என்றான்.

“எந்திரி, சோறு திங்கப் போவோம்” என்றேன்.

கடைக்காரர் ஆந்திரா. “நெய் ஊத்திக்கோம்மா, இல்லாட்டி எரியும்” என்று எச்சரித்துவிட்டுத்தான் பருப்புப் பொடியைப் போட்டார். நெய் ஊற்றியும் எரிந்தது. புளிச்சகீரைத் துவையலைத் தொட்டதில் காதுக்குள் யாரோ மணி அடித்தார்கள். கண்ணில் நீர் வழிய நான் என் தொழிலை ஆரம்பித்தேன். கழுகுத் தட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான். ஐயரவர்களின் செய்தியைப் போட்டேன். முன்னுரை முடிவதற்குள் பக்கத்து மேசை லாரி டிரைவர், “அம்மா, இன்னா இது பேஜாரு, சவுண்ட கொற” என்றார். எண்ணெய்க் குப்பியை நானே வெளியே எடுக்கவில்லை. அந்தக் கடையில் எண்ணெய்க்குக் குறைவில்லை.

“கர்த்தர் ஒரு கதவ அடச்சா…” என்று தொடங்கினேன்.

“எக்கா, நிறுத்து. நான் சொல்லுறதக் கேளு” என்றான்.

சொன்னான். அன்று மாதத்தின் முதல் நாள். எங்களில் முதல் தேதி ஜெபம் எப்போதும் கொஞ்சம் நீளும், மாதம் முழுவதையும் ஒப்புக்கொடுக்க வேண்டுமல்லவா? முந்தின ஷிப்டுக்காரர்கள் உருளையைச் சுத்தம் செய்யக் கூண்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எந்திரத்தை ஓட்டுமுன் சுற்றிவந்து பார்த்து, கூண்டு மாட்டியிருக்கிறதா என்று உறுதி செய்வது சூப்பர்வைசரின் வேலை. அதற்கென்று ஒதுக்கிய நேரத்தில்தான் அவன் ஜெபித்துக்கொண்டிருந்தான். அன்று ஆவியில் நிறைந்து, ஒவ்வொரு ஆளின் பெயரையும் சொல்லி, அவர்கள் கை கால்களைக் காக்கும்படி கேட்டு, நீளமாக ஜெபித்தான். முடிக்கும்போது மணி அடித்துவிட்டது. ஓடுங்கள், ஓட்டுங்கள் என்று விரட்டினான். சுற்றிப் பார்க்கவில்லை.

“ஏழுமலை கையக் காப்பாத்தும் ஆண்டவரேன்னு சொன்னேம்க்கா. அந்த நேரத்துக்கு எந்திரிச்சிப் போயி கூண்ட மாட்டிருந்தா போதும்.”

“வேற யார்ட்டயாவது சொன்னியால?”

“பாஸ்டர்ட்ட சொன்னேன். பிசாசு என்னயக் குத்தப்படுத்துதானாம். மெர்சிட்ட சொன்னேன். வெளிய சொல்லிடாதீங்கன்னா.”

மோர் எடுக்கப் போனவள் திரும்பிவர ஏன் அவ்வளவு நேரமானது என்று எனக்கு அப்போது புரிந்தது.

முப்பது வருஷமாக உற்சாகப்படுத்திப் பழகிய என் வாயில் ஒரு வசனம்கூட வரவில்லை. வந்தது வேறு.

“அப்போ தப்பு ஒன் மேலதாம்ல” என்றேன்.

சொன்னபிறகு நானே பயந்துவிட்டேன். பெண்கள் சங்கத்தில் தெரிந்தால் பதவி போய்விடும். தம்பி கையைத் துவையலுக்குள் வைத்தபடி என்னையே பார்த்தான்.

“இன்னொரு தடவ சொல்லுக்கா.”

“ஒன் தப்புதான். நிய்யி பாத்துருக்கணும்.”

அவன் அழுதான். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, லாரி டிரைவர்களுக்கு நடுவில், சின்னப் பிள்ளைபோல அழுதான். “மூணு வாரமா எல்லாரும் ஆறுதல் சொல்லுதாங்கக்கா. ஒருத்தரும் நான் சொல்லுறத நம்பல. நீதான் மொத ஆளு” என்றான். கடைக்காரர் ஓடிவந்து, “காரம் ஜாஸ்தியா நைனா?” என்று தயிரை ஊற்றினார். தம்பி அந்தத் தயிர்ச்சோற்றை முழுக்கச் சாப்பிட்டான். பிறகு இன்னொரு முறை சோறு கேட்டான்.

வேதத்தில் ஒரு தீர்க்கதரிசி சாகலாம் என்று செடிக்கடியில் படுத்துக்கொண்டபோது, வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை, அடை சுட்டு வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். அந்தப் பகுதியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். தூதனுக்குப் பேச்சு வராது போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு லாட்ஜில் ராத்தங்கி, சனிக்கிழமை காலையில் கம்பெனி வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி தாடியை மழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தான். வாட்ச்மேன் என்னிடம், “சார் இன்னா சொல்லுவாருன்னு உள்ள எல்லாருக்கும் தெரியும். சும்மா பேருக்கு கூப்டு கேக்கறாங்க” என்றார். நான் மூன்று டீ குடித்தேன், மூன்றிலும் இரும்பு ருசி. உண்மையைச் சொன்னால் ஏழுமலைக்கு நஷ்டஈடு கிடைக்கும், என் தம்பிக்கு வேலை போகும். பொய் சொன்னால் அப்படியே மாறும். எனக்கு இரண்டுக்கும் ஜெபிக்கத் தெரியவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவன் முகத்தில் ரத்தமில்லை. “சொல்லிட்டேன். கூப்புடுற வரைக்கும் வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்க” என்றான். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு ‘போயிட்டு வராத’ என்று பெயர்.

“இப்ப எங்கல போவோம்?”

“ஏழுமலை ஊட்டுக்கு. இன்னும் நான் போவல” என்றான். பயத்தில் ஊர்ப் பேச்சும் வடக்குப் பேச்சும் கலந்துவிட்டது.

கவரைப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனோம். பன்னிரண்டு பேரோடு ஒரு மூட்டை உரமும் வந்தது. உரத்துக்கு உட்கார இடம் இருந்தது, என் தம்பி தொங்கிக்கொண்டு வந்தான். ஏழுமலையின் குடும்பத்துக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. அது போதாமல்தான் கம்பெனி வேலை. வாசலில் எங்களைப் பார்த்ததும் அவன் மனைவி செல்வி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வழியை மறித்தாள்.

“வா சார். இப்பத்தான் வழி தெரிஞ்சிதா? பன்னு குடுக்கத் தெரியுது, ஆஸ்பத்திரிக்கு வரத் தெரியலையா? அறுவட எப்படிப் பண்றது அந்தக் கையால? உங்க சாமிதான் வந்து கதிர் அறுக்கப்போவுதா?”

திட்டினாள். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி திட்டினாள். தம்பி தலை குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். முடிந்ததும், விசாரணையில் தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னான். உள்ளேயிருந்து கட்டுப்போட்ட கையோடு ஏழுமலை எழுந்து வந்தான்.

“நெசமாவா சார்? அப்போ உங்க வேல?” என்று கேட்டான். செல்வி அவனை முறைத்தாள்.

பிறகு ஏழுமலைதான் தொண்டையைச் செருமினான். “ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க சார். நீங்க ஜெபம் பண்ணும்போது எல்லாரும் கண்ண மூடிக்கினு இருப்பாங்க. நான் மூட மாட்டேன். பன்னு டப்பா எங்க கீதுன்னு பாத்துக்கினு இருப்பேன். அன்னிக்கும் பாத்தேன். கூண்டு செவுத்தோரமா கீது.”

“பாத்தியா? சொல்லிருக்கலாம்லா ஏழுமலை?”

“சாமிகிட்ட பேசிக்கினு கீற ஆள நடுவுல எப்படி சார் கூப்புடறது? தப்பில்ல? முடிச்சதும் சொல்லலாம்னு நின்னேன். முடிக்கவும் பெல் அடிச்சிது. ஓடு ஓடுன்னீங்க. மறந்துட்டேன்.”

என் தம்பி அங்கே கிடந்த மண்வெட்டிப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கை காக்கப்பட வேண்டும் என்று ஒருவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்க, அந்தக் கைக்குரியவன் கண்ணைத் திறந்து ஆபத்தைப் பார்த்துக்கொண்டே மரியாதைக்காக வாயை மூடி நின்றிருக்கிறான்.

“ரெண்டு பேருக்கும் ரொம்ப பக்தி. வெரலு போனது எங்க ஊட்டுக்கு” என்றாள் செல்வி.

எழுந்தோம். “எங்க போற? சாப்ட்டு போங்க. திட்னது திட்னதுதான், அதுக்காக வந்தவங்கள பட்டினியா அனுப்புவாங்களா?” என்று கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். அதிலும் தேங்காய் இல்லை. ருசியாக இருந்தது, சொல்லித்தான் ஆக வேண்டும். அல்வாவை அவளிடம் கொடுத்தேன். கடையிலிருந்து நான் திரும்ப எடுத்துவந்த கழுகுத் தட்டைப் பையில் பார்த்துவிட்டு, “இது இன்னா?” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, குழம்புச் சட்டியின் மேல் வைத்தாள். கச்சிதமாக மூடியது. எங்கள் சபை அனுப்பிய உற்சாகத்தில் அதுவொன்றுதான் உருப்படியாகப் பயன்பட்டது.

மணவாள நகரில் மெர்சி கதவைத் திறந்தாள். நடந்ததைக் கேட்டாள். கணவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உற்சாகப்படுத்துங்கன்னு அனுப்புனா, வேலையத் தீத்துட்டுக் கூட்டிக்கினு வந்திருக்கீங்க அண்ணி” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் அவளுக்கு நியாயம். ஒரு சம்பளத்தில் வீடு ஓட்டப்போகிறவள் அவள்தான், ஊருக்கு ரயிலேறப்போகிற நான் அல்ல. தம்பி சாத்திய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, “நான் பண்ணது தப்பு மெர்சி. இதுல ஒன்ன இழுத்து விட்டதும் தப்பு” என்று கதவிடம் சொன்னான். ஷைனி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காலையில் பார்த்தேன், அவனுடைய வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கியது. இஸ்திரிப் பெட்டி மெர்சியின் அறையில் இருந்தது.

திடப்படுத்தல் ஆராதனைக்குக் கோயிலில் கூட்டம். வெள்ளை உடுப்பும் வெள்ளை முக்காடுமாகப் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் கமிட்டிக்காரர்கள் எங்கிருந்தோ பெரிய ஃபேன்களைக் கொண்டுவந்து ஆல்டர் எனும் பலிபீடத்துப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். ஒன்றுக்கு முன்பக்கக் கம்பி வலை இல்லை. “கழுவி மாடில காயுது சிஸ்டர். ஓடினா சரி” என்றார் வாசலில் நின்ற கமிட்டிக்காரர். தம்பியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “பிரதர்! அடுத்த வாரம் சாட்சி நீங்கதான். கர்த்தர் எப்படி மீட்டுக் கொண்டாந்தாருன்னு சொல்லுங்க.”

“சொல்றேன் பிரதர். போன சாட்சியத் திருத்திச் சொல்லணும்” என்றான் தம்பி. திருத்திய சாட்சி அவருக்குப் பழக்கமில்லை. பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பிள்ளைகள் ஆல்டர் முன்னால் முழங்கால் போட்டார்கள். ஷைனி திரும்பி அப்பா இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு முட்டி போட்டாள், ஓரத்தில். பேராயர் கையை உயர்த்தினார். ஜெபிப்போமாக என்றார். சபை முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணை மூடியது.

நான் மூடவில்லை. கடம்பத்தூருக்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தம்பியைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது, ஜெபித்துக்கொண்டுதான் இருந்தான். கண்கள் அகலத் திறந்திருந்தன.

ஷைனியின் முக்காடு காற்றில் தூக்கிக்கொண்டு, வலையில்லாத ஃபேனுக்குப் பக்கத்தில் போய்த் துடித்தது.

பேராயர் ஜெபிக்கும்போது எங்களில் இருமல் வந்தால்கூட விழுங்கிவிடுவோம். என் தம்பி வரிசையிலிருந்து எழுந்து, நடுப்பாதையில் செருப்பில்லாத கால் சத்தம் கேட்க ஓடினான். “ஒரு நிமிஷம் ஐயா!” என்று உரக்கச் சொன்னான். ஜெபம் நின்றது. சபை முழுவதும் கண் திறந்தது. அவன் பிளக்கைப் பிடுங்கினான், இறக்கை நிற்கிறவரை முக்காட்டைக் கையில் பிடித்துக்கொண்டான், ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான்.

“இப்ப ஜெபிங்க ஐயா” என்றான்.

மெர்சி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பேராயர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தம்பி தன் இடத்துக்குத் திரும்பவில்லை. மகளுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, கண்ணைத் திறந்துகொண்டு நின்றான். நான் சத்தமாக ஆமென் சொன்னேன். ஜெபம் அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை.